சன்னிதியில் சொல்லாத பெயர்

இலஞ்சியில் எங்கள் செவ்வாய்க்கிழமை பஜனைக் குழுவுக்கு ஒரு வெப்சைட் இருந்தது. வெளியூரில் இருக்கிற நம் ஆட்கள் அதில் பெயர், நட்சத்திரம், வேண்டுதல் எழுதி அனுப்பினால் முருகன் சன்னிதியில் அர்ச்சனை செய்வோம் என்று ஏற்பாடு. ஆனால் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. போனில் சொன்னவர்களுக்கு மட்டும் செய்துவந்தோம்.

போன ஆடியில் அந்த சைட் பாதி நாள் திறக்கவே இல்லை. வேறு போடலாம் என்று, நானும் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற எங்கள் பொருளாளரும் தென்காசிக்குப் போனோம். அங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற பெண் மூன்று வழி சொன்னாள். ஒன்று இலவசம். ஒன்று மாதாமாதம் கட்டணம், எல்லாம் கம்பெனிக்காரனே பார்த்துக்கொள்வான். இன்னொன்று, அவளே செய்து அவளே பராமரிப்பது.

"முருகனுக்கு எதுக்கும்மா மாசாமாசம் வாடகை? இலவசம் போதும்" என்றார் பொருளாளர்.

"படுத்துட்டுன்னா யாரைக் கூப்பிடுவீய?"

"இவரைத்தான். பழசைப் பதிஞ்சது இவருதான். எட்டாங்கிளாஸ் எஞ்சினியரு!"

நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, பழைய சைட்டுல எழுதுதது எந்த மெயிலுக்கு வருது?"

போன் வாங்கியபோது கடைக்காரர் உண்டாக்கித் தந்த மெயிலைத்தான் கொடுத்திருந்தேன். அதைத் திறந்து பார்க்கணும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எதுவானாலும் வாட்ஸ்அப்பில் வரும் என்று இருந்துவிட்டேன். அவள் என் போனை வாங்கி, விளம்பரங்களுக்கு நடுவே தேடி, என் பக்கம் திருப்பினாள்.

நாற்பத்தோரு வேண்டுதல்.

கல்யாணம், வேலை, பிள்ளைவரம். ஒன்றில் என் கண் நின்றுவிட்டது. பம்பாயிலிருந்து ஒரு அம்மா. புருஷனுக்குச் செவ்வாய்க்கிழமை இருதய ஆபரேஷன். அன்றைக்கே அவர் பெயருக்கு, அனுஷ நட்சத்திரத்துக்கு, அர்ச்சனை. அனுப்பி ஏழு மாசம் ஆகியிருந்தது. எல்லாருக்கும் போலவே அவளுக்கும் பதில் தானாகப் போயிருந்தது: 'உங்கள் வேண்டுதல் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை சன்னிதியில் பெயர் சொல்லப்படும்.' அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அடுத்த செவ்வாய் எல்லாப் பெயரையும் எழுதி எடுத்துப்போய், பட்டரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஆபரேஷன்னீரே, அந்த ஆள் இப்ப இருக்காரா?"

"தெரியல, சாமி."

"இருந்தா அர்ச்சனை. இல்லைன்னா மோட்ச தீபம்லா போடணும்? கேட்டுட்டு வாரும்."

கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று, வேண்டுதலோடு அந்த அம்மா கொடுத்திருந்த போன் நம்பருக்குப் போட்டேன். குழுவின் பெயரைச் சொன்னதுமே அந்த அம்மா, "இலஞ்சியா?" என்றாள். அவர் ஆபரேஷன் அன்றைக்கே தவறிவிட்டாராம்.

"ஆனா உள்ள கொண்டுபோறதுக்கு முன்னால உங்க பதிலைக் காட்டுனேன். நம்ம முருகன்கிட்ட பேரு சொல்லுதாங்கன்னேன். கும்பிட்டுட்டு, பயமில்லாமத்தான் போனாக. அன்னைக்குப் பேரு சொன்னது நீங்கதானா, அண்ணாச்சி?"

"ஆமாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் குற்றாலத்தில் மோட்ச தீபம் போட்டேன். சாரல் காற்றில் அது அணையாமல் இருக்க, கடைசிவரை கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

புது சைட்டை அந்தப் பெண்ணே போட்டாள், அவளே பார்த்துக்கொள்கிறாள். வேண்டுதல் வந்தால் எங்கள் இரண்டு பேர் போனிலும் மணி அடிக்கும். தானாகப் போகிற பதில் மட்டும் வேண்டாம் என்றேன்.

"பதில் வரலைன்னா போய்ச் சேர்ந்துதான்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"பேரைச் சொல்லிட்டு நானே கூப்பிடுதேன்."

அப்படித்தான் செய்கிறேன். ஆனால் தட்டை நீட்டும்போது பட்டர் "யார் பேருக்கு?" என்று கேட்டால், முதலில் வாயில் வருவது அனுஷம்தான். விழுங்கிவிட்டு அடுத்த பெயரைச் சொல்லுவேன்.

மார்கழியில் வருஷத் திவசத்துக்கு அந்த அம்மா குற்றாலம் வருகிறாளாம். பெயர் சொன்னவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகணும் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறாள். அவள் கை கூப்புவதற்கு முன்னால் நான் சொல்லிவிடணும், முருகா. அதற்கு மட்டும் வாய் கொடு.