கடைசித் தாளில் சாச்சி எழுதியது

சாச்சி இறந்து நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், அவருடைய அலுமாரியை ஒதுக்கும்போது அந்த நாவல் கையில் அகப்பட்டது. அட்டை போய்விட்டது, கருவாட்டு வாடை போகவில்லை. கடைசி வெற்றுத்தாளைத் திருப்பினேன். எங்கள் எல்லாருடைய கையெழுத்தும் அப்படியே இருந்தது.

அந்த நாட்களில், ஆலங்குடாக் கரையில் நாங்கள் கருவாடு காயப்போட்ட வாடியில், அந்த அடிதடிக் கதை கைக்குக் கை மாறித் திரிந்தது. வாசித்தவர் தன் அபிப்பிராயத்தைக் கடைசித் தாளில் எழுதாமல் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது; அது எங்கள் சட்டம். துப்பாக்கி, துரத்தல், வெடிக்கும் கப்பல் என்று ஒரே ஓட்டம். எதிரிகள் கதாநாயகனை நடுக்கடலில் தள்ளிவிடுவார்கள். கடைசி அத்தியாயத்தில், ஒன்பதாம் நாள், அவன் வந்து வீட்டுக் கதவைத் தட்டுவான். ஒற்றை ஆள் பன்னிரண்டு பேரை அடித்ததைக்கூட மன்னித்தோம். கடலைப் பற்றி எங்களிடமே புளுகினால் விடுவோமா? "ஒம்பது நாள் கடல்ல கெடந்தவன்ட சட்டையில ஒரு பொத்தானும் கழரல்லியே!" என்று எழுதினார் தராசுக்கார நானா. "எழுதின மனிசன் வாளித் தண்ணியிலதான் கடலப் பாத்திரிப்பார்" என்றார் அவருடைய தம்பி. நான் கொட்டை எழுத்தில், "சுத்தப் பொய். கடல் எடுத்தா எடுத்ததுதான்" என்று எழுதி, சிரித்துக்கொண்டே சாச்சியிடம் நீட்டினேன்.

நீட்டிய பிறகுதான் உறைத்தது. சாச்சியின் கணவர், என் சாச்சா, கடலுக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. படகும் வரவில்லை, மையித்தும் கரையொதுங்கவில்லை. கணவன் மௌத்தானால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தாவை இருக்கும்படி ஊரே சொன்னது. "மனிசன் வந்து பாத்தா என்ன நெனப்பாரு?" என்று மறுத்துவிட்டு, தினமும் எங்களோடு வேலைக்கு வந்தார் சாச்சி. பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றதால் எங்களுக்கு மறந்தே போயிற்று.

மூன்று நாள் கழித்துப் புத்தகத்தைக் கேட்டுப் போனேன்.

"எல்லாருமே பொய்யெண்டுதான் எழுதியிரிக்கீங்க, என்ன மகன்?"

"அது சும்மா பகிடிக்கு, சாச்சி."

"இல்ல. ஒங்களுக்கெல்லாம் கடலத் தெரியுந்தானே."

புத்தகத்தைத் தரவில்லை. திங்கட்கிழமை வாடிக்கு வரவுமில்லை. வெள்ளை உடுத்தி இத்தா இருக்கத் தொடங்கிவிட்டாராம். ஐந்து மாதமாக ஊரார் சொல்லிக் கேட்காதவர், ஒரு பொய்க் கதைக்கு நாங்கள் எழுதியதைக் கேட்டுவிட்டார். அன்று வாடியில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நடக்கவேண்டியதுதானே நடந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். இருக்கலாம்.

இப்போது அலுமாரி முன்னால் நின்று என் எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். பேனை மை, போகவில்லை. அதற்குக் கீழே, மிஞ்சிய இடத்தில் நெருக்கி எழுதிய சாச்சியின் வரி. இத்தனை வருடம் நான் பார்த்திராதது:

"எனக்குக் கடைசி அத்தியாயம் புடிச்சிரிந்திச்சி."