கோபுரம் ஏறாத மொரேனா

மொரேனா கம்பெரினி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் பொலோனியாவில் மிகக் குறைவு. காப்பியை நின்றபடியே குடிப்பாள். அது அந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் சாப்பாட்டு மேஜையிலும் உப்பை எடுக்க, ரொட்டியை நறுக்க, சாத்திய ஜன்னலை மறுபடி சாத்த என்று எழுந்துகொண்டே இருப்பவள் அவள் ஒருத்திதான். ஊர் சுற்றிக் காட்டுவது தொழில். இருபத்தாறு வருஷமாகப் பெரிய சதுக்கத்தில் கடல் தேவன் சிலைக்கு முன்னால் சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்து, காலையில் ஒரு சுற்று, மதியத்துக்கு மேல் ஒரு சுற்று. விடுமுறை நாளிலாவது காலை நீட்டுவாளா என்றால், அன்றைக்கும் நடக்கப் போய்விடுவாள். கணவன் லோரிஸ் பேருந்து ஓட்டுநர். என் சக்கரம் சாயங்காலம் டிப்போவில் நின்றுவிடும், இவள் காலில் இருக்கிற சக்கரம்தான் நிற்காது என்பான்.

கடைக்காரர்கள், சந்தைக்காரர்கள், தேவாலய வாசலில் காவல் நிற்பவர்கள் என்று எல்லோரும் அவளைத் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய பெண்ணுக்கு உள்ள மரியாதை அது. மொரேனா பட்டம் வாங்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்பு அவள் வரலாறு படித்தாள். மற்ற எல்லாப் பரீட்சையும் தேறிவிட்டது, லத்தீன் மட்டும் மூன்று தடவை கவிழ்த்தது. அந்த மார்ச்சில் அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. மருத்துவர்கள் கோடைகாலத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா தெல்மோ, மகள் பட்டம் வாங்குவதை மனைவி பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தினமும் தேதி கேட்டார். ஒருநாள் மொரேனா வீட்டுக்கு வந்து, இன்று காலையே திடீரென்று கூப்பிட்டுப் பட்டத் தேர்வை முடித்துவிட்டார்கள் என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பேருக்கு உணவகத்தில் சாப்பாடு. பட்டம் வாங்கியவர்கள் சூடுகிற லாரல் இலை வளையத்தைத் தலையில் வைத்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாத்திரம் பாத்திரமாக வந்த, இறைச்சி பொதிந்த மாவுத் துண்டுகள் மிதக்கும் தொர்த்தெல்லினி சூப்பைக் குடித்தாள். அம்மா ஜூனில் போய்விட்டாள். பொய் போகவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வதுண்டு. பொலோனியாவில் அது அவ்வளவு சுலபமில்லை. பெரிய சதுக்கத்தின் நடுவில் ஒரு சாண் உயரத்துக்குக் கல் மேடை ஒன்று பரந்து கிடக்கிறது. படிக்கிற பிள்ளைகள் அதைக் குறுக்கே கடக்கக் கூடாது, கடந்தால் பட்டம் கிடைக்காது. இரட்டைக் கோபுரத்தில் உயரமானதற்கு நானூற்றுத் தொண்ணூற்றெட்டுப் படி. படிக்கும்போது ஏறினால் பட்டம் கிடைக்காது. வாங்கிய பிறகுதான் ஏறுவார்கள், வாங்கியவர்கள் ஏறாமல் இருக்கவும் மாட்டார்கள். இந்தக் கதையைத் தினம் இரண்டு தடவை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, மேடையின் ஓரமாகவே அவர்களை அழைத்துப் போவாள். கோபுரத்துக்குள் அவர்களை அனுப்பிவிட்டுத் தெருவில் இங்கும் அங்கும் நடப்பாள். ஏறி ஏறி அலுத்துவிட்டது என்பாள். ஒரு தடவைகூட ஏறியதில்லை. இதையெல்லாம் நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் சிரிப்பாள். நம்பினாள், நன்றாகவே நம்பினாள்.

சதுக்கத்துப் பெரிய தேவாலயத்தின் முகப்பும் அவளுக்கு ஆகாது. கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். அறுநூறு வருஷமாக முடிக்காமல் நிற்கிறது. முடிக்காமல் விட்டதற்கும் எங்கள் ஊரில் இவ்வளவு மரியாதை என்று ஒரு வேடிக்கை சொல்வாள். சொல்லிவிட்டு முகப்பை நிமிர்ந்து பார்க்காமல் முன்னால் நடப்பாள்.

ஐம்பத்தொன்றாவது வயதில், வீட்டுக்குத் தெரியாமல் மறுபடி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். லத்தீனை இந்தத் தடவை அவள் கவிழ்த்தாள். பக்கத்து நகரம் ராவென்னாவுக்குப் பயணிகளைக் கூட்டிப் போகிறேன் என்று சொன்ன நாளெல்லாம் ஆவணக் காப்பகத்தில் இருந்தாள். அங்கும் பாதி நேரம் நின்றுகொண்டுதான் படித்தாள். இடைக்காலக் கசாப்புக்காரர்களின் சங்கத்தைப் பற்றி நூறு பக்கம் எழுதினாள். டிசம்பர் பதினான்காம் தேதி ஆசிரியர்கள் முன்னால் அதைப் பேசிக் காட்டிவிட்டால் போதும், பட்டம் கிடைத்துவிடும். பொய் உண்மையாகிவிடும், யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது மகள் இலேனியா பட்டம் வாங்கும் நாள் வந்தது.

இலேனியா சட்டம் படித்தாள். ஐந்து வருஷப் படிப்பை ஏழு வருஷத்தில் முடித்து, நூற்றுப் பத்துக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வெளியே வந்தாள். தோழிகள் அவள் தலையில் லாரல் வளையத்தை வைத்து, பட்டம் வாங்கியவர்களுக்கென்றே உள்ள கெட்ட வார்த்தைப் பாட்டைப் பாடி முடித்தார்கள். நாங்கள் சதுக்கத்தில் காத்திருக்கிறோம், கோபுரம் ஏறிவிட்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லோரிஸ் சட்டைப் பையிலிருந்து மூன்று நுழைவுச் சீட்டை எடுத்தான். நான்கு மணிக்கு ஏற வேண்டும்.

கோபுர வாசலுக்கு வந்ததும் மொரேனா பின்வாங்கினாள். முழங்கால் வலிக்கிறது என்றாள். நேற்று பதினெட்டு கிலோமீட்டர் நடந்த முழங்காலா என்று லோரிஸ் கேட்டான். எண்பத்து நான்கு வயது அப்பாவைத் தனியாகக் கீழே விட முடியாது என்றாள். நான் என்ன கைக்குழந்தையா, இந்தத் திண்டில் உட்கார்ந்து ஊர் வேடிக்கை பார்க்கிறேன் என்று தெல்மோ தடியை ஊன்றி உட்கார்ந்துவிட்டார். இலேனியா அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

உள்ளே மரப்படி, குறுகலானது. முன்னால் இலேனியா, பின்னால் மொரேனா. லோரிஸ் தொந்தியோடு எங்கோ கீழே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். மொரேனா எண்ணிக்கொண்டே ஏறினாள். அறுபது. தொண்ணூறு. எத்தனையாவது படிக்கு மேல் போனால் ஏறியதாகக் கணக்கு? தினம் கதை சொல்கிற அவளுக்கே அது தெரியவில்லை. பாதிவரை போனால் பாதிப் பட்டமா? நூற்றுப் பன்னிரண்டில் கால் நின்றது. வாழ்நாளில் அந்தக் கால்கள் தானாக நின்றது அன்றைக்குத்தான்.

“இலேனியா, என்னால ஏற முடியாது.”

“ஏன், முட்டி நிஜமாவே வலிக்குதா?”

“முட்டி நல்லாத்தான் இருக்கு. நான் பட்டம் வாங்கல. அன்னிக்கும் வாங்கல, இன்னி வரைக்கும் வாங்கல.”

இலேனியா சிரித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மொரேனா மூச்சு விடாமல் மிச்சத்தையும் சொன்னாள். அம்மாவின் நோய், லத்தீன், டிசம்பர், இதில் ஏறிவிட்டால் அதுவும் போய்விடும் என்ற பயம், எல்லாம். பின்னால் ஒரு ஜெர்மன் குடும்பம் பொறுமையாக நின்றுகொண்டிருந்தது.

“ஏழு வருஷம்மா,” என்றாள் இலேனியா. குரல் உயரவில்லை. “ஒவ்வொரு பரீட்சைக்கும் ‘நான் நாலே வருஷத்துல முடிச்சேன்’னு சொல்லிச் சொல்லி என்னை அரைச்சு எடுத்தே. சிவில் லால ஃபெயில் ஆனப்போ ரெண்டு நாள் எங்கூடப் பேசல நீ. இப்ப ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிகூட, தொண்ணூத்தெட்டுதானான்னு கேட்டே.”

மொரேனாவுக்கு வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது. இலேனியா திரும்பி, இரண்டிரண்டு படியாக ஏறிப் போனாள்.

கீழே இறங்குவது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏறி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். முதல் தளத்தில் லோரிஸ் மடங்கி உட்கார்ந்திருந்தான். அவனிடமும் சொன்னாள். இரண்டாவது தடவை கொஞ்சம் சுருக்கமாக வந்தது. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“அப்போ அந்த ராவென்னா?”

“காப்பகம்.”

“நான் வேற என்னென்னமோ நெனச்சு ஒரு வருஷம் தூங்கல, தெரியுமா?” என்றான். எழுந்து கைப்பிடியைப் பிடித்தான். “டிசம்பர்லயாவது எங்களைக் கூப்பிடுவியா, இல்ல அதையும் நீயே முடிச்சுட்டு வந்து சொல்லுவியா?” பதிலுக்குக் காத்திராமல் மகளைத் தேடி ஏறினான்.

வெளியே தெல்மோ திண்டில் அப்படியே இருந்தார். மொரேனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது தடவையாகச் சொன்னாள். கிழவர் தடியின் நுனியால் கல் இடுக்கைக் கிளறிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் கிளறினார்.

“அன்னிக்கு உங்கம்மா ரெண்டு தட்டு சூப்பு சாப்பிட்டா,” என்றார் கடைசியில். “அதுக்கப்புறம் அவ அப்படிச் சாப்பிடவே இல்ல. அந்தப் பொய்க்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், மொரேனா. ஆனா அவ போன மறுநாள் எங்கிட்ட சொல்லியிருக்கலாம். வீட்டுல நாம ரெண்டு பேருதானே இருந்தோம்.”

அது போதுமாயிருந்தது, மொரேனா அழுதாள். இருபத்தெட்டு வருஷம் அந்த வீட்டுக்குள் அவர் எத்தனை தனியாக இருந்திருப்பார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தெல்மோ கைக்குட்டையைக் கொடுத்தார், முதுகைத் தட்டவில்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மற்ற இருவரும் இறங்கி வந்தார்கள். லோரிஸ் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தான். இலேனியா வளையத்தைச் சரிசெய்துகொண்டு சதுக்கத்தைப் பார்த்து விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். மேடை வந்ததும் ஏறி, மூலைக்கு மூலை குறுக்கே போனாள். ஏழு வருஷம் கழித்து முதல் தடவை. அந்தப் பக்கம் நின்ற தோழிகள் கை தட்டினார்கள்.

மொரேனா மேடை விளிம்புவரை வந்து நின்றாள். பிறகு ஓரமாகத் திரும்பி, சுற்று வழியில் ஏறக்குறைய ஓடினாள். புறாக்களும் கைவண்டிகளும் குறுக்கே வந்தன. தெரிந்த கடைக்காரர் ஒருவர் தொத்தோரெஸ்ஸா என்று கையசைத்தார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு ஓடினாள், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மறுமூலைக்கு வந்தபோது இலேனியா தோழிகளிடம் போகாமல் தனியாக நின்றிருந்தாள். கோபம் தீரவில்லை, முகத்திலேயே தெரிந்தது.

“எத்தனாம் தேதி?” என்றாள்.

“பதினாலு. காலைல ஒன்பதரை.”

“வெளியாளுங்க உள்ள வரலாம்ல?”

“வரலாம்.”

“நான் வருவேன். முன் வரிசைல உட்காருவேன். உன் பேரைச் சொல்லி மார்க்கைச் சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்.” இலேனியா மூக்கை உறிஞ்சினாள். “நீ தொண்ணூத்தெட்டுக்கு மேல வாங்கினேன்னு வை, அப்புறம் உங்கூடப் பேச மாட்டேன்.”

“அவ்வளவெல்லாம் வராது,” என்றாள் மொரேனா.