கொய்யாக்கார அக்கா இல்லாத படங்கள்

1. ஆதார் போட்டோ

கவிதா என் ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரு மழை நாள் காலையில். ஏற்காடு ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, குடை இல்லாமல் நனைந்தபடி நடந்து வந்திருந்தாள். கிளியூர்ப் பெண். ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை. அதற்குமுன் நான் அவளோடு பேசியதில்லை, ஆனால் முகத்தைப் பார்த்ததுமே யார் மகள் என்று தெரிந்துவிட்டது. வியூ பாயின்ட்டில் கொய்யாவும் ஆரஞ்சும் விற்ற சின்னப்பொண்ணு அக்காவின் மகள். அக்கா இறந்து அன்றைக்கு நான்காம் நாள். நெஞ்சு வலிக்கிறது என்றவரைச் சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் உயிர் போய்விட்டது.

கவிதா ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, இதப் பெருசு பண்ணித் தர முடியுங்களா? பதினாறாம் நாள் காரியத்துக்கு வெச்சு மாலை போடோணும்."

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், எங்களிடம் வரும் துக்க வேலைகளில் பாதி ஆதார் போட்டோதான். தபால்தலை அளவில் ஒரு கறுத்த முகம். அதைப் பெரிதாக்கினால் செத்தவர் இன்னொரு முறை செத்ததுபோல இருக்கும். இருந்தாலும் ஸ்கேன் செய்து, வெளிச்சம் ஏற்றி, திரையில் காட்டினேன். கவிதா வெகுநேரம் பார்த்தாள்.

"இது எங்கம்மா இல்லீங்க" என்றாள்.

"வேற படமே இல்லியா கண்ணு? போன்ல ஏதாச்சும்?"

"போன எடுத்தாலே முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்குமுங்க. எங் கல்யாணத்துலகூட தலயக் குனிஞ்சுட்டுத்தான் நிக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க தெனமும் அங்கதானுங்க படம் எடுப்பீங்க. யாரு படத்துலயாச்சும் பின்னாடி எங்கம்மா உளுந்திருக்குமுங்க. ஒண்ணே ஒண்ணு தேடிக் குடுங்கண்ணா. எம்புள்ளைக்கு ரெண்டு வயசு. அவ அம்மாயி மூஞ்சி இப்பிடித்தான் இருந்துச்சுன்னு நாளைக்குத் தெரியோணுமுங்க."

"பாக்கறங் கண்ணு" என்றேன். சொல்லும்போதே கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதை இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

2. பிரேமை விட்டுத் தள்ளுங்க

இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஏற்காட்டில் எனக்கு இதுதான் பிழைப்பு. குடும்பமாக மலையேறி வருகிறவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பேன். தாத்தாவுக்கு எண்பது வயதானால் மொத்தக் குடும்பமும் வேன் பிடித்து வரும், அதை எடுத்திருக்கிறேன். சேர்வராயன் கோயிலில் மொட்டை போட்ட கையோடு சந்தனத் தலையுடன் வரும் பிள்ளைகளை எடுத்திருக்கிறேன். சண்டை போட்டுக்கொண்டே வந்து கேமராவைக் கண்டதும் தோளில் கை போட்டுக்கொள்ளும் தம்பதிகளுக்குக் கணக்கே கிடையாது.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. என் படத்தில் பேக்ரவுண்ட் சுத்தமாக இருக்கும். அந்நியத் தலை ஒன்றுகூடத் தெரியாது. சனி ஞாயிறில் அந்த வியூ பாயின்ட்டைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள், எப்படிண்ணா என்று. நானும் ஏதோ பெரிய வித்தை மாதிரிச் சொல்லிக்கொடுப்பேன்.

அங்கே ஒரே ஒரு நல்ல இடம்தான் உண்டு. கம்பி வேலி, பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், பின்னால் பனிமஞ்சு விலகினால் கீழே சேலம். சின்னப்பொண்ணு அக்கா கூடையை வைத்து உட்காருவதும் சரியாக அந்த மரத்தடியில்தான். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் போன பிறகு கூடையோடு அங்கே வந்து சேர்ந்தார். எனக்கும் அவருக்கும் தினமும் ஒரே பேச்சு.

"அக்கா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. பிரேம்ல வர்றீங்க."

"வந்தா வந்துட்டுப் போறன். நா வந்தா உங்க படம் கறுத்துப் போயிருமுங்களா தம்பி?"

"கஸ்டமருக்குப் புடிக்காதுங்கக்கா."

"அவிய ஒண்ணுஞ் சொல்லக் காணமே. நீங்கதானுங்க சொல்றீங்க."

அவர் சொன்னது நிஜம். அந்த அக்காவை எடுத்துவிடுங்கள் என்று ஒரு கஸ்டமர்கூட என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் எடுத்தேன். அவர் தள்ளி உட்கார மாட்டார் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு படமெடுத்து, ஸ்டுடியோவுக்கு வந்து கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிடுவேன். பக்கத்திலிருக்கும் புதரைக் கொஞ்சம் எடுத்து அவர்மேல் ஒட்டுவது, மேலே மஞ்சைக் கொஞ்சம் இழுத்து விடுவது, அவ்வளவுதான் வேலை. பழகப் பழக, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. என் படங்களில் பிள்ளைகள் நன்றாகச் சிரிக்கும் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சிரிக்க வைத்தது நான் இல்லை. எந்தப் பிள்ளையாவது முரண்டு பிடித்து அழுதால் அக்கா கொய்யா அறுக்கும் கத்தியால் கூடை விளிம்பில் தட்டி, குரங்கு மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டுவார். பிள்ளை சிரித்துவிடும். நான் கிளிக் செய்துவிடுவேன். சாயங்காலம் எனக்கு ஒரு துண்டு கொய்யாவில் மிளகாய்ப்பொடி தூவி நீட்டுவார். தின்றுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய் அவரை அழிப்பேன்.

3. புதர்

கவிதா போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே மழை விடவில்லை. வருடவாரியாக போல்டர் போட்டு வைப்பது என் வழக்கம். ஆனால் இருப்பதெல்லாம் முடித்துக் கொடுத்த படங்கள் மட்டும். கஸ்டமருக்கு அனுப்பி ஒரு வாரம் ஆனதும் ஒரிஜினலை அழித்துவிடுவேன். ஹார்ட் டிஸ்க்கில் இடம் அடைக்கிறதே என்று அதையும் ஒரு ஒழுங்காக வைத்திருந்தேன்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்பா, அம்மா, பிள்ளை, கம்பி வேலி, சில்வர் ஓக், மரத்தடியில் புதர். அடுத்தது. மாமியார், மருமகள், கைக்குழந்தை, கம்பி வேலி, மரத்தடியில் புதர். கஸ்டமர் கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த இடத்தில் புதரே கிடையாது. ஒரே இலைக்கொத்து இரண்டு தடவை வந்திருக்கும். சிலதில் அக்காவின் கூடை உயரத்துக்கு அது அப்படியே மேடாக நிற்கும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பிள்ளைகளைத்தான் பார்க்க முடியவில்லை. படத்துக்குப் படம் பிள்ளைகள் கேமராவைப் பார்க்காமல் தலையைத் திருப்பி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தன. அந்தப் புதரைப் பார்த்து. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகள். நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை.

மூன்று நாள் தேடினேன். ஒரு படத்தில் மட்டும் ஒரு கை கிடைத்தது. ஒரு சிறுமிக்கு அக்கா கொய்யாத் துண்டை நீட்டுகிறார். இரண்டு பேர் விரல்களும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்ததால் வெட்டினால் சிறுமியின் விரலும் போய்விடும் என்று அதை மட்டும் விட்டிருக்கிறேன். பச்சைக் கண்ணாடி வளையல், மணிக்கட்டுவரை. அதற்குமேல் இலை.

கவிதாவுக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"பழைய ஹார்ட் டிஸ்க் போயிருச்சு கண்ணு. ஒண்ணும் எடுக்க முடியல" என்றேன்.

"செரிங்கண்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். நொம்ப செரமம் குடுத்துட்டேன்" என்றாள்.

திட்டியிருந்தால் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

4. ஈரோட்டிலிருந்து வந்தது

மறுநாள்தான் ஒன்று தோன்றியது. என் கேமரா படத்தை நான் அழித்தேன். கஸ்டமர்கள் தங்கள் போனிலும் சும்மா எடுத்துக்கொண்டே இருப்பார்களே, அதை யார் அழித்திருப்பார்கள்? படம் அனுப்பிய வாட்ஸப் எண்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. ஒவ்வொருவருக்கும் எழுதினேன். நீங்கள் ஏற்காடு வந்தபோது உங்கள் போனில் எடுத்த படம் எதிலாவது கொய்யா விற்கும் அம்மா ஒருவர் தெரிகிறாரா, தயவுசெய்து பாருங்கள்.

பலர் பதிலே போடவில்லை. ஏதோ மோசடி என்று நினைத்து பிளாக் செய்தவர்கள் சிலர். போன் மாற்றியபோது படமெல்லாம் போய்விட்டது என்றார்கள் சிலர். காரியத்துக்கு நான்கு நாள் இருந்தபோது ஈரோட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். போன கோடையில் மாமனார், மாமியார், பிள்ளைகளோடு வந்திருந்தவர்.

"கத்தியத் தட்டித் தட்டி எங்க சின்னவன சிரிக்க வெச்சாங்களே, அந்தம்மாதானுங்க? எங்க மாமனார் எடுத்தது ஒண்ணு இருக்குது, அனுப்பறன்." பிறகு கேட்டார். "நீங்க அனுப்புன படத்துல அவங்களக் காணமேன்னு அன்னிக்கே சொல்லிட்டிருந்தோமுங்க. ஏனுங்க, அவங்களுக்கு என்னாச்சு?"

சொன்னேன்.

"அய்யோ பாவமே" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

படம் வந்தது. பெரியவர் போனைக் கோணலாகப் பிடித்து எடுத்திருக்கிறார். மேலே பாதி வானம். ஆனால் அக்கா அதில் முழுசாக இருந்தார். மரத்தடியில், கூடைக்குப் பின்னால், முந்தானை தோளில் இருக்க, முகம் நல்ல வெளிச்சத்தில். படம் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தலையைத் தூக்கி, சிரித்துக்கொண்டே யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வலது ஓரத்தில் ஒரு கை நீண்டிருந்தது. கறுப்புக் கைக்கடிகாரம், மடித்து விட்ட கட்டம்போட்ட சட்டைக் கை. விரல்கள் காற்றில் எதையோ ஒதுக்குகிறாற்போல் இருந்தன.

கடிகாரம் இப்போதும் என் கையில்தான் இருக்கிறது.

கவிதாவை வரச் சொன்னேன். திரையில் படத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். திரையைத் தொட்டாள். கொஞ்சம் அடங்கிய பிறகு கேட்டாள்.

"இந்தக் கை யாருதுங்க?"

"என்னுதுதான் கண்ணு."

"என்ன சொல்றீங்க அதுல?"

"தள்ளி உக்காரச் சொல்றேன்."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. ஹார்ட் டிஸ்க் பொய் என்றேன். புதரைக் காட்டினேன். பிள்ளைகள் சிரிக்கும் படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கவில்லை.

"கைய எடுத்துட்டு நல்லா பிரிண்ட் போட்டுத் தர்றங் கண்ணு" என்றேன்.

"வேண்டாமுங்க" என்றாள். "அதுல இனி ஒண்ணையும் அழிக்காதீங்க. இருக்கறபடியே போடுங்க."

5. காரியம்

பதினாறாம் நாள் கிளியூர் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று காலையில் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன். வீட்டு முன்னறையில் படம் இருந்தது. செவ்வந்தி மாலை, விளக்கு, ஒரு தட்டில் அறுத்த கொய்யா, மேலே மிளகாய்ப்பொடி. மாலை அக்காவின் தோள்களை மறைத்தது. என் கையை மறைக்கவில்லை.

அக்காவின் தம்பி, வயதானவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தின் அருகில் போனார்.

"அக்கா அப்பிடியே இருக்குது" என்றார். "ஏஞ்சாமி, ஓரத்துல ஒரு கை தெரியுதே, அது யாருது?"

வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கவிதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போட்டோக்கார அண்ணன் கைங்க மாமா" என்றாள். "எங்கம்மாவப் படத்துக்கு வந்து நிக்கச் சொல்லிக் கூப்புடறாரு."

"அப்பிடியா" என்று அவர் என் பக்கம் திரும்பினார். கையெடுத்துக் கும்பிட்டார். "உக்காருங்க, சாப்புட்டுப் போகோணும்."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கவிதா வந்தாள்.

"உங்களுக்காகச் சொல்லலீங்க" என்றாள், குரலை உயர்த்தாமல். "எங்கம்மாவ வெரட்டற படத்த எங்கூட்ல எப்பிடி மாட்டறதுங்க? எம்புள்ள கேக்கறப்பவும் இதேதான் சொல்லுவன்."

உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஒரிஜினலை அழிக்காதீர்கள். டிஸ்க் நிறைந்தால் இன்னொன்று வாங்குங்கள். கஸ்டமர் கேட்காமல் எவரையும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், என்ன பெயர் என்று கேட்டுவிட்டு, அவரையும் ஒன்று எடுத்து வையுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட நேரம் சரியில்லை.

மரத்தடியில் இப்போது யாரும் உட்காருவதில்லை. பிரேம் சுத்தமாக இருக்கிறது. போன ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. மூன்று வயதுப் பையன், என்ன செய்தாலும் அழுகை. நான் கையைத் தட்டினேன், கன்னத்தை உப்பிக் காட்டினேன். பையன் என்னைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதான். அழுகையோடே எடுத்துக் கொடுத்தேன்.