நான்காவது போட்டோ

நான் சுரங்கக் கூண்டை இயக்குகிறவன். தங்கச் சுரங்கத்தின் வாயில் உட்கார்ந்து, இரும்பு உருளையில் கயிற்றைச் சுற்றி, இருபத்திரண்டு வருடமாக ஆட்களை இறக்கி ஏற்றுகிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. போகிறவன் என் சகலை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் இருநூறு அடியில் தொடங்கிய சுரங்கம் இது. அப்புறம் துளைபோடும் மிஷின் வந்தது, மின்சாரம் வந்தது. எட்டாயிரம் அடியில் பாறையே சுட்டது. மேலிருந்து குளிர்காற்று ஊதினார்கள். புதுத் தளம் திறக்கும்போதெல்லாம் முதலில் கால் வைப்பவனைப் போட்டோ எடுத்து ஆபீசில் மாட்டுவார்கள். மூன்று போட்டோவிலும் சகலைதான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என் தங்கச்சி குடுத்து வெச்சவ. நீங்களும் இருக்கீங்களே, உக்காந்த இடத்துல கயித்த இழுத்துக்கிட்டு!" என்பாள் என் மனைவி.

"அவன இறக்கி விடுறதே நான்தாண்டி!"

யார் காதில் விழுகிறது?

ஒவ்வொரு தளத்துக்கும் உருளையில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. கோடு முள்ளுக்கு நேரே வந்தால் கூண்டு தளத்துக்குச் சமமாக நிற்கும். ஆழம் கூடும்போது மாட்டுகிற புதுக் கயிறு நாளுக்கு நாள் நீளும். தினமும் கோட்டை அழித்துத் தள்ளிப் போட வேண்டும். நான்காவது புதுத் தளம் திறந்த வாரம் நான் வேண்டுமென்றே போடவில்லை. கூண்டு ஒன்றரை அடி கீழே நிற்கும், மானேஜர் முன்னால் சகலை இடறி விழட்டும், மானம் கப்பலேறட்டும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான், சத்தியமாக.

விழுந்தான். கீழேயிருந்து மணி ஐந்து முறை அடித்தது. ஐந்து என்றால் அடிபட்டவன் வருகிறான். நான் உருளையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். "நகருய்யா, நான் ஏத்துறேன்" என்று மேஸ்திரி வந்தார். அதற்குள் கீழேயிருந்து டெலிபோன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் சகலைக்குக் கால் முறிஞ்சுபோச்சு. 'எங்க அண்ணன் ஏத்துனாத்தான் வருவேன், அவர் கை பட்டா கூண்டு அலுங்காது'ன்னு அடம் பிடிக்கிறான்."

ஏற்றினேன். கூண்டு அலுங்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே என் கையைப் பிடித்தான். "கயிறு நீண்டுபோச்சுண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க."

அன்றைக்கே கோட்டை அழித்துத் தள்ளிப் போட்டேன்.

இப்போது சகலை கோலை ஊன்றி வந்து, உள்ளே போகிறவர்களுக்கு விளக்குக் கொடுக்கும் ரூமில் உட்கார்ந்திருக்கிறான். ஆபீஸ் சுவரில் நான்காவது போட்டோவில் வேறு எவனோ நின்று பல்லைக் காட்டுகிறான். அவனைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அது என் சகலையின் இடம்.