ஏழாம் வகுப்பும் மிளகுச் சீட்டும்

கொச்சி மட்டாஞ்சேரிப் பக்கம், கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது என் இடுப்பு போனது. திருப்பூரில் சாயப்பட்டறை, மங்களூரில் மீன் பெட்டி, வைட்டிலாவில் சென்ட்ரிங் என்று எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்காத ஆள் நான். என்னை ஓர் ஊரில் உட்கார வைத்தது அந்த இடுப்புதான்.

உட்கார ஒரு நாற்காலியும் காலியாக இருந்தது. சரக்கு வந்ததும் மூட்டையில் குத்தூசியை இறக்கி, நடு வயிற்றிலிருந்து ஒரு பிடி மிளகு எடுத்துப் பார்த்து, தரம் எழுதிச் சீட்டு அனுப்புகிறவருடைய நாற்காலி. அவர் மகனோடு இருக்கத் திருச்சூர் போய்விட்டார். சரக்கு வாங்குகிற விருதுநகர் வியாபாரிக்குச் சீட்டு தமிழில் போக வேண்டும். கிட்டங்கியில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் இருந்தார்கள். எல்லாரும் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளத்தில் எழுதப் படித்தவர்கள். எனக்குத் தமிழ் எழுதத் தெரியும், ஏழாம் வகுப்புப் பாதி வரைக்கும். முதலாளி ஒரு மாதம் பார்க்கிறேன் என்றார். எழுத்து தேறினால் நாற்காலி, தேறாவிட்டால் மூட்டை. மூட்டை இனி என்னால் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே மூட்டை என்றால் மறுபடி வேறு ஊருக்கு ரயில் என்று அர்த்தம்.

எங்களோடு மிளகு புடைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு என்னைக் கிண்டல் செய்யாவிட்டால் சாயா இறங்காது. ஆனாலும் கல்லூரியில் படிக்கிற தன் மகளைக் கொண்டு, மாணவர்களுக்கான இணைய எழுத்துப் பயிற்சி ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். விண்ணப்பத்தில் வகுப்பு கேட்டிருந்தது. ஏழு என்றேன். பொய் இல்லை, அதற்குப் பிறகு நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை. வயதை அது கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

சனி, ஞாயிறு மத்தியானம் வகுப்பு. என் கைபேசியின் கேமரா மங்களூரிலேயே நொறுங்கிவிட்டது. அதைத் தராசில் சாய்த்து வைத்து, பேசாமல், சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்வேன். ஆசிரியைக்குக் குரலை வைத்துப் பார்த்தால் இருபத்தைந்து வயது இருக்கலாம். கூடப் படித்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஏழாம் வகுப்பு நான் ஒருவன்தான் என்பதால் ஆசிரியை என்னிடம் தனிப் பிரியமாக இருந்தார். "தம்பி, ஹோம்வொர்க் முடிச்சாச்சா?" என்று கேட்பார். பக்கத்தில் முறத்தை வைத்துவிட்டு, மிளகு புடைக்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எதையும் நேராகச் சொல்லக் கூடாது, வாசிக்கிறவர் தானாக உணர வேண்டும் என்பது மூன்றாவது வகுப்பின் பாடம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாளே ஒரு லோடு மிளகு ஈரமாக வந்தது. ஈரம் என்று எழுதக் கை வரவில்லை. "காயலின் காற்று இந்த மூட்டைகளோடு சில நாள் தங்கிக் கதை பேசியிருக்கிறது" என்று எழுதி அனுப்பினேன். எழுதியதை நானே நாலு தடவை படித்தேன்.

வியாபாரி விருதுநகரிலிருந்து போன் செய்தார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"அனுப்புறது மிளகா, கல்யாணப் பத்திரிகையா? காஞ்சதா ஈரமா, அதச் சொல்லுங்கய்யா மொதல்ல."

அந்த வாரம் முழுக்க என்னை முறத்தின் பக்கம் உட்கார வைத்தார்கள். அடுத்த லோடுக்கு ஒரு சீட்டு, அதோடு முடிவு என்று முதலாளி சொல்லிவிட்டார். அவள் எனக்கு ஒரு பழைய முறத்தைத் தள்ளினாள்.

"காத்தும் மிளகும் என்ன கதை பேசிச்சு அண்ணே? எங்ககிட்டயும் பறையுங்க, கேப்போம்."

அந்தச் சனிக்கிழமை, ஒவ்வொருவரும் இன்னொருவர் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். எனக்கு வந்தது மழையைப் பற்றி ஒரு கல்லூரிப் பெண் எழுதிய மூன்று பக்கம். முந்தின வாரம் என்றால் நானும் அருமை, அற்புதம் என்று எழுதியிருப்பேன். அன்று வயிற்றெரிச்சலில் இருந்தேன். மூட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். முதல் பத்தியை விட்டுவிட்டு நடுவில் ஊசியை இறக்கினேன். இப்படி எழுதினேன்: "மேல் பிடி பளபளப்பு. நடுவில் சொத்தை அதிகம். அம்மா தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறும் இடம் மட்டும் முழு மணி. அதை வைத்துக்கொண்டு மற்றதைப் புடைக்கவும்."

ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார். என்னை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"ஏழாங்கிளாஸ் பையன் எழுதினது இது," என்றார் ஆசிரியை. "ஒரு வார்த்த கூட வீணா இல்ல. தம்பி, நீங்க இனிமே எல்லாத்தையும் இப்படியே எழுதுங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். சிரிக்கவில்லை. "மதி அண்ணே, இது போதும். அந்தச் சீட்டும் இது போலத் தன்னே எழுதினா மதி," என்றாள்.

செவ்வாய்க்கிழமை லோடு வந்தது. முப்பது மூட்டையிலும் ஊசி இறக்கிப் பார்த்துவிட்டு எழுதினேன். "இருபத்தாறு மூட்டை நல்ல காய்ச்சல், கனத்த மணி. மூன்றில் ஈரம், இரண்டு நாள் வெயில் வேண்டும். ஒன்றில் பூஞ்சை வாடை, அனுப்பவில்லை." முதலாளி படித்துவிட்டு என்னை முறைத்தார். இத்தனை தெளிவு வேண்டுமா என்று கேட்டார். ஆனாலும் அனுப்பினார்.

வியாபாரி நல்ல மூட்டைகளை எடுத்துக்கொண்டார். இனி இந்த ஆள் எழுதிய சீட்டு இல்லாமல் சரக்கு வேண்டாம் என்றும் சொன்னாராம். முதலாளி அதை எனக்கு முழுதாகச் சொல்லவில்லை. நாளைக்கும் நீயே எழுது என்பதோடு நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை ஸ்பீக்கரில் கேட்டுச் சொன்னவள் அவள்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் வந்தது. என் பெயருக்குக் கீழே ஏழாம் வகுப்பு மாணவர் என்று பொன்னெழுத்தில் இருந்தது. என்னிடம் இருக்கிற ஒரே பள்ளிச் சான்றிதழ் அதுதான். அவள் அதைத் தன் மகளிடம் சொல்லி அச்செடுத்து, மைதா பசை காய்ச்சி, நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டாள். போன மாதம் விருதுநகர்க்காரர் நேரில் வந்திருந்தார். சரக்கைப் பார்த்துவிட்டு, சுவரைப் பார்த்தார்.

"உங்க பையனா? நல்லா வருவான்," என்றார்.

"பாக்கலாம் அண்ணாச்சி. சேட்டை கொஞ்சம் ஜாஸ்தி," என்றேன்.