மாலை போட்டிருந்தபோது நான் மாற்றிச் சொன்ன கடைசிக் காட்சி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை மகளுடைய பழைய நோட்டில் இரண்டு பக்கம் எழுதி, பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தேன். மறுநாளே எடுத்துக் கிழித்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை வருமே என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், கழுத்தில் முருகனுக்கு மாலை போட்டிருந்த நாளில் சினிமா தியேட்டரில் உட்கார்ந்தேன், அங்கே ஒரு பொய்யும் சொன்னேன் என்று ஊரறியச் சொல்ல வேண்டுமே என்பது. மலைமேல் இருப்பவனுக்கு எப்படியும் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

அப்போது நான் சென்னையில் ஒரு மருந்து மொத்தக்கடையில் பார்சல் கட்டும் வேலையில் இருந்தேன். காலையில் திருத்தணியிலிருந்து புறப்படும் மின்சார ரயிலில் தினமும் ஒரே பெட்டியில் நாங்கள் நாலு பேர் எதிரெதிராக உட்காருவோம். அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் எலக்ட்ரீசியன் ஒருவர். எந்தப் படமானாலும் வெள்ளிக்கிழமையே பார்த்துவிடுவார். இன்னொருவர் புடவை மூட்டையோடு வரும் பள்ளிப்பட்டுக்காரர். ஆந்திர எல்லையைத் தாண்டிப் போய்த் தெலுங்குப் படமும் பார்த்துவிட்டு வருவார். அடிதடி இல்லாத படத்தை அவர் படம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது, ஆவடியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்த அக்கா. தியேட்டர் பக்கமே போகாதவர். ஆனால் கதைப் புத்தகத்தை வைத்து எடுத்த படம் என்றால் அந்தப் புத்தகத்தை அவர் படித்திருப்பார். நாலாவது நான்.

திங்கட்கிழமை என்றால் எங்களுக்குப் படப்பேச்சுதான். அதில் ஒரு சட்டம் வைத்திருந்தோம். யாராவது கடைசிக் காட்சியைச் சொல்ல வாயெடுத்தால், படம் பார்க்காதவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போய்விட வேண்டும். கூப்பிடும் வரைக்கும் திரும்பி வரக்கூடாது. கதவோரம் நின்று எத்தனையோ தடவை அரக்கோணம் யார்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க மாலை போட்டிருந்தேன். விரத நாள் முடியும் வரைக்கும் சினிமா கிடையாது. அந்த நேரம் பார்த்து ஒரு பழைய தொடர்கதையை வைத்து எடுத்த படம் வந்தது. அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிற மகனைப் பற்றிய கதை. அக்கா புத்தகத்தைப் படித்துவிட்டு எங்களுக்கு முன்னமே சொல்லியிருந்தார். கடைசியில் மகன் திரும்பி வருவான், அப்பன் கதவைத் திறப்பார், தன் கையாலேயே அவனுக்குச் சோறு போடுவார்.

"புக்குல இருக்கிற மாதிரியே எடுக்கல, தெரியுமா? கடைசிய அப்படியே மாத்திட்டான்" என்று எலக்ட்ரீசியன் ஆரம்பித்தார்.

"மாத்தினா ஒருத்தனையாவது தூக்கிப் போட்டு அடிச்சானா இல்லியா?" என்றார் பள்ளிப்பட்டுக்காரர்.

"உனுக்கு அதே வேலைய்யா. எழுந்து போ, படம் பாக்காதவங்கல்லாம் எழுந்திருங்க. சாமி, நீங்களும்."

மாலை போட்டதிலிருந்து எல்லோருக்கும் நான் சாமிதான். மாலை கழற்றியதும் பார்க்கலாம் என்று இருந்ததால் நானும் பள்ளிப்பட்டுக்காரரோடு எழுந்து போனேன். அக்கா மட்டும், "நான் எங்க தியேட்டருக்குப் போவப் போறேன், சொல்லு" என்று உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. எலக்ட்ரீசியன் எங்களைப் பார்த்து, "அக்காவுக்குப் புடிக்கல போல" என்றார்.

மறுநாள் சாயங்காலம் அக்கா என் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் வீட்டு விஷயம் எனக்குக் கொஞ்சம் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் திருப்பதி பஸ் ஓட்டினவர். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டது. ஒரே மகன் புனேயில் வேலை. வீட்டில் சொல்லாமலே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று வருஷமாக அப்பனும் மகனும் பேசுவதில்லை. அவன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். "நைனா ஒரு வார்த்தை கூப்பிட்டா அடுத்த ரயில் ஏறிடுவேன்" என்பான். "அவன்தான் மொதல்ல வரணும்" என்பார் அப்பன். நடுவில் அக்கா.

"சாமி, உங்களைக் கேக்கறது தப்புதான். அவர அந்தப் படத்துக்குக் கூட்டிகினு போங்க. பக்கத்துல ஒக்காந்து, திரையில என்ன நடக்குதுன்னு சொன்னா போதும். நான் எது சொன்னாலும் புள்ளைக்கு வக்காலத்து வாங்கறேன்னு சொல்றாரு. மாலை போட்ட சாமி சொன்னா நம்புவாரு."

நான் தயங்கினேன். என் மனைவிதான் காபியைக் கொடுத்துக்கொண்டே, "ஏங்க, கண்ணு தெரியாதவருக்குக் கண்ணா இருக்கப் போறீங்க. அது சினிமா பாக்கறதுல சேருமா? போய்ட்டு வந்து தலைக்குக் குளிச்சிடுங்க" என்றாள்.

"சரிக்கா. கடைசிய மட்டும் இப்ப சொல்லிடாதீங்க, அங்கேயே பாத்துக்கறேன்" என்றேன். அவர் சொல்ல வந்ததை நானே தடுத்துவிட்டேன். பழகிப்போன சட்டம்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்: "பாக்கறத அப்படியே சொல்லுங்க. எதையும் கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்குப் போனோம். மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக நான், என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன். டிக்கெட் கிழிக்கிறவர் என் மாலையைப் பார்த்தார். முருகா, இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று வேண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

அண்ணன் அந்தக் காலத்தில் டூட்டி முடிந்ததும் காக்கியோடே படத்துக்குப் போனவராம். உட்கார்ந்ததிலிருந்து கேள்விதான். "இப்ப எங்க நிக்கறான்? சட்டை இன்னா கலரு? அப்பனா நடிக்கறவன் மீசை வெச்சிகினு இருக்கானா?" மலைப்பாதையில் பஸ் போகும் காட்சியில் எனக்கே அவர் சொன்னார்: "கியர் மாத்தாமயே ஏத்தறான் பாரு சாமி. சத்தத்துலயே தெரியுது. டிரைவர் இல்ல இவன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "சாமி, கொஞ்சம் பேசாம பாருங்களேன்" என்றாள். அண்ணன் திரும்பி, "எனக்குக் கண்ணு தெரியாதும்மா, அதான்" என்றார். அவள் பதறிப்போய், "ஐயோ, சத்தமாவே சொல்லுங்க சாமி, பரவால்ல" என்றாள். அதற்குப் பிறகு நான் தாராளமாகவே சொன்னேன்.

கடைசிக் காட்சி வந்தது. மகன் பெட்டியோடு தெருமுனையில் நடந்து வருகிறான். சொன்னேன். வீட்டு வாசலில் நிற்கிறான். சொன்னேன். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதவு திறந்தது. திறந்தவர் தாயார். உள்ளே சுவரில் அப்பனுடைய படம், அதற்குச் சந்தன மாலை, முன்னால் விளக்கு. மகன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிற்கிறான். ஒரு வார்த்தை பேச்சில்லை. வெறும் புல்லாங்குழல் மட்டும்.

"சாமி, இன்னா ஆச்சு? கதவு சத்தம் கேட்டுதே. அப்பன் தொறந்தானா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்து, பார்வையில்லாத கண் இரண்டும் திரையைப் பார்த்தபடி. நோயாளி மனுஷன். பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறவர். அவரிடம் போய் அப்பன் செத்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது?

"தொறந்துட்டாருண்ணே. மகன உள்ள கூப்பிடறாரு. எலை போடறாரு. அவர் கையாலேயே சோறு போடறாரு" என்றேன்.

அண்ணன் ஓவென்று அழுதார். நானும் அழுதேன். விளக்குப் போட்டதும் பின்வரிசைப் பெண் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் அண்ணன் தொடையைத் தட்டினார். "பாத்தியா சாமி? புக்குலயும் அதான், படத்துலயும் அதான். புள்ளதான் தேடிகினு வரணும். அப்பன் காத்துகினு இருந்தா போதும். நான் காத்துகினு இருக்கறதுல தப்பே இல்ல."

எனக்குள் ஏதோ இடறியது. நல்லதுதானே செய்தோம் என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றினேன். சரணம் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை ரயிலில் அக்கா நான் உட்காருவதற்குள் கேட்டுவிட்டார்.

"சாமி, கடைசிய சொன்னீங்களா? வீட்டுக்கு வந்ததுலேருந்து ரொம்ப தெம்பா இருக்காரு. போன எடுப்பாருன்னு பாத்தா, 'வருவான் வருவான்'னு உக்காந்துகினு இருக்காரு."

நான் செய்ததைச் சொன்னேன். எலக்ட்ரீசியன், "அய்யய்யோ" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்தப் புக்க நான்தான் அவருக்குப் படிச்சுக் காட்டினேன்" என்றார். "அதுலேருந்துதான் இந்த வீம்பு. கதையில புள்ள வந்தானே, என் புள்ளையும் வருவான்னு. படத்துல லேட்டாயிடுதுன்னு எலக்ட்ரீசியன் தம்பி சொன்னான் பாருங்க, அத அவர் கேட்டா மனசு மாறும், ஒரு தடவ போன் பண்ணிடுவாருன்னு நெனச்சேன். அதுக்குத்தான் உங்கள அனுப்பினேன்."

என்மேல் அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நீங்க எரக்கப்பட்டுதான் செஞ்சீங்க" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு காவடியை எப்படிச் சுமப்பது? அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே திரும்பினேன். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அக்காவும் வேலையிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார்.

"அண்ணே, படத்துல அப்பன் கதவத் தொறக்கல. அதுக்கு முன்னயே செத்துட்டாரு. சுவத்துல மாலை போட்ட படம்தான் இருந்துது. மகன் லேட்டா வந்துட்டான். நான்தான் மாத்திச் சொன்னேன்" என்று அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எவ்ளோ பேரு சேந்து எடுத்த படம். நீ யாருய்யா அத மாத்தறதுக்கு?" என்றார். "கழுத்துல வேற மாலை."

"தப்புதாண்ணே."

"எலை போட்டாரு, சோறு போட்டாருன்னியே. பொரியல்கூட வெச்சியா?"

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கட்டிலின் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அக்கா இருந்த பக்கம் கையை நீட்டினார். "போனப் போடு."

அக்கா எண்ணை அழுத்தி அவர் காதில் வைத்தார். சத்தம் எங்களுக்கும் கேட்டது.

"சொல்லும்மா."

"நான்தான்டா."

"நைனா?" என்றது அந்தக் குரல்.

"ஆங். அந்தப் படம் பாத்தியா? ஊட்ட விட்டுப் போறானே, அது."

"பாத்தேன் நைனா. இன்டர்வல்லயே எழுந்து வந்துட்டேன். உக்கார முடியல."

"அப்ப கடைசி தெரியாதா உனக்கு?"

"தெரியாது."

அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு, நான் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "சாமி, கடைசிய சொல்லப் போறேன். நீ போய்க் கதவுகிட்ட நில்லு."

படத்தைப் பார்த்தவன்தான் நான். ஆனாலும் எழுந்து போனேன். தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே மலை தெரிந்தது. உள்ளே அவர் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. எந்தக் கடைசியைச் சொன்னார், புத்தகத்தில் உள்ளதா, படத்தில் உள்ளதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்டதுமில்லை. "வாங்க சாமி, முடிஞ்சிடுச்சு" என்று அக்கா கூப்பிட்டபோது அவர் மூக்கு சிவந்திருந்தது.

கிருத்திகைக்கு முந்தின நாள் மகனும் மருமகளும் வந்தார்கள். அண்ணன் வீட்டில் காத்திருக்க ஒத்துக்கொள்ளவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வந்து, காவடிக் கூட்டத்துக்கு நடுவே பிளாட்பாரத்தில் நின்றார். ரயில் வரும் சத்தம் கேட்டதும், "இப்ப யார் யார் எறங்கறாங்க? சொல்லு சாமி. உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார்.

சொன்னேன். மகன் நீலச் சட்டை போட்டிருந்தான், முன்தலையில் முடி கொட்டியிருந்தது, மருமகள் கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. ஒன்று விடாமல் சொன்னேன்.

மறுநாள் காவடியோடு படியேறும்போது தோளில் பாரம் தெரியவில்லை. அதை அவன் அருள் என்றுதான் நினைக்கிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். யாருக்காவது இதைச் சொல்லத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் என்மேல் இரக்கப்பட்டு என் கழுத்து மாலையைக் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். நான் சொன்ன பொய்யையும் சின்னதாக்கிவிடாதீர்கள். அண்ணன் போனில் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால், அப்போது நான் கதவுகிட்ட நின்றுகொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். முருகா சரணம்.