கைவேர்வையில் கலைந்த பேர்

எனக்கு அஞ்சாம் கிளாஸ் படிப்புதான். கோர்வையா எழுத வராது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கோங்க. தொண்ணூறு வாக்கில், மேற்குத் தாம்பரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது.

அப்போ ஒரு மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடிக்கிட்டிருந்தேன். கச்சேரியில் படம் பேரைச் சொல்வாங்க, இசையமைப்பாளர் பேரைச் சொல்வாங்க. பாட்டு எழுதினவரை யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்குப் பிடிச்ச நாலு பாட்டாசிரியர்களை வச்சு நானே தனியா ஒரு நிகழ்ச்சி பாடுறேன்னு, குழு நடத்தின கீபோர்டு அண்ணன்கிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்கினேன்.

"நல்லா போனா மாசாமாசம் உனக்குத்தான். சொதப்பினா பழையபடி கோரஸ்தான்"ன்னார்.

எனக்குப் பாட பயமில்லை, பேசத்தான் பயம். மைக் கம்பியைப் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு பேரா சொன்னேன்.

மூணாவது பாட்டு முடிஞ்சதும் துண்டுச்சீட்டு ஒண்ணு கைமாறி மேடைக்கு வந்தது. நேயர் விருப்பம்னு நினைச்சுப் பிரிச்சேன். 'இது நீங்க சொன்னவர் எழுதினது இல்லை. என் வீட்டுக்காரர் எழுதினது.' கீழே பேர்.

கேசட் அட்டையில் பிரபலமான பாட்டாசிரியர் ஒருத்தர் பேர்தான் இருந்தது. எல்லாப் பாட்டும் அவருதுன்னு நினைச்சுட்டேன். அண்ணன்கிட்ட காட்டினேன்.

"இன்னாம்மா பேஜாரு! எவனுக்குத் தெரியப் போவுது? கம்முனு அடுத்தத பாடு."

சீட்டைக் கைக்குள்ள இறுக்கிக்கிட்டு ரெண்டு பாட்டு பாடினேன். எங்க மூச்சு விட்டேன்னே தெரியலை. எழுதினவங்களுக்காகன்னு சொல்லிட்டு, எழுதினவர் பேரையே திருடிட்டோமேன்னு அடிச்சுக்குது மனசு.

அடுத்த பாட்டுக்கு அண்ணன் கை வைக்கும்போது நிறுத்தினேன். "மூணாவது பாட்டுக்கு நான் சொன்ன பேர் தப்பு"ன்னேன். "அப்போ கைதட்டினதைத் திருப்பிக் குடு!"ன்னு ஒரு குரல். ஒரே சிரிப்பு. சரியான பேரைச் சொல்லச் சீட்டைப் பிரிச்சா, கட்டைவிரல் வேர்வையில் மை கலைஞ்சு, பேர் இருந்த இடம் நீலக் கறையா கிடக்கு. பதற்றத்தில் எனக்கும் அது மனசில் நிக்கலை.

"சீட்டு அனுப்பினவங்களே, பாட்டு எழுதினவர் பேரைக் கொஞ்சம் சொல்லுங்கம்மா"ன்னேன்.

கடைசி வரிசையில் ஒரு அம்மா எழுந்தாங்க. "புருஷன் பேரை எப்படிங்க சொல்லுவாங்க?"ன்னு பக்கத்தில் யாரோ கேட்டப்பதான் எனக்கு உறைச்சது. நானும் அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னதில்லை. மண்டபமே திரும்பிப் பார்க்குது. மின்சார ரயில் ஒண்ணு கடந்து போற வரைக்கும் அப்படியே நின்னாங்க. அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, இனிஷியலோட சத்தமா சொன்னாங்க. நான் மைக்கில் திருப்பிச் சொன்னேன். அந்தப் பாட்டை மறுபடியும் பாடினேன்.

முடிஞ்சதும் கிட்ட வந்து, "முப்பது வருஷமா சொல்லாத பேரைச் சொல்ல வச்சுட்டியேடி! இப்ப இருந்திருந்தா கத்தியிருப்பாரு"ன்னு சிரிச்சுக்கிட்டே கண்ணைத் துடைச்சாங்க.

அண்ணன் அதுக்கப்புறம் எனக்குத் தனி நிகழ்ச்சி தரலை. கோரஸ்தான். ஆனா இன்னிக்கும் யார் பேரையாவது சொல்றதுக்கு முன்னாடி, என்னையறியாம உள்ளங்கையைத் துடைச்சுக்கிறேன்.

அந்தப் பாட்டு எழுதினவர் பேரைத் தனிச்சீட்டில் பென்சிலால் எழுதி இதோட வச்சிருக்கேன். உங்க பத்திரிகையில் அச்சில் போடாட்டியும் போகுது. இனிஷியல் சரிதானான்னு மட்டும் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துச் சொல்லுங்க.